துடைக்காத கோதுகள்

மச்சான், போன சனிக்கிழமை என் மகள் அஜக்ஸிலிருந்து அழைத்து, வருகிற வழியில் மருந்துக் கடையில் லனோலின் வாங்கி வரச் சொன்னாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். பால் கொடுக்கும் தாய்மார் பூசுவதற்கென்று சின்னக் குழாயில் வருகிற மஞ்சள் பசை அது. செம்மறி ஆட்டின் மயிரிலிருந்து எடுக்கிற கொழுப்பு. "அப்பா, எந்த ஐல் எண்டு கேளுங்கோ, கஷ்டப்படாதேங்கோ" என்றாள். கேட்கத் தேவையே இருக்கவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தத் தட்டுக்கு முன்னால் போய் நிற்பேன். அது உன்னால் வந்த கெட்டித்தனம்.

காசாளர் பெண் "கொங்கிராஜுலேஷன்ஸ், கிராண்ட்பா" என்றாள். தலையை ஆட்டிவிட்டு வந்து காரில் ஏறினேன். கதவைச் சாத்தியதும் என்ன பிடித்ததோ தெரியவில்லை, மகளுக்கென்று வாங்கிய குழாயின் மூடியைத் திருகி, உள்ளிருந்த தாளையும் கிழித்து, மூக்கருகே பிடித்தேன். நனைந்த கம்பளியின் மணம். உன்னுடைய கராஜின் மணம். ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு, திறந்ததைப் பச்சைப் பிள்ளைக்காரிக்குக் கொடுக்க முடியாதென்று திரும்ப உள்ளே போய் இன்னொன்று வாங்கினேன். அதே பெண், "ட்வின்ஸா?" என்று கேட்டாள். நீ இருந்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பெண்மேல் இல்லை. உன்மேல். அதைவிட அதிகமாக என்மேல்.

நீ முதன்முதல் இதை வாங்கப் போன கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாய்! உனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. மருந்துக் கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொல்ல, நீயும் கூசாமல், "தாங்க் யூ, தாயும் பிள்ளையும் சுகம்" என்று சொல்லிவிட்டு வந்தாய். வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் மனைவி சுமதி அகப்பையோடு உன்னைத் துரத்திக் கலைத்தாள். அந்தக் குழாய் பிள்ளைக்குமில்லை, தாய்க்குமில்லை. கராஜில் வாளி நிறையக் கிடந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளுக்கு என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

ஊரில் சண்டைக் காலத்தில் கோது பொறுக்கினால் அடி விழும். இங்கே ரொறன்ரோவுக்கு வெளியே, மார்க்கம் தாண்டி வடக்கே இருக்கிற எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில், சுட்டு முடிந்ததும் கோது பொறுக்க வாளி தருகிறார்கள். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் நம்மோடு வேலை செய்த ஒருவன் ஒருநாள் விருந்தாளியாக அழைத்துப் போனான். நான் வேடிக்கை பார்க்க வந்தேன். நீ குறி வைக்கிற கடதாசி வட்டத்தின் முன்னால் நின்று மூச்சை அடக்கிய விதத்தைப் பார்த்ததுமே, இவன் இனி இதை விடமாட்டான் என்று விளங்கிவிட்டது. ஒரு வருடத்துக்குள் வகுப்பு, சோதனை, அனுமதி, பூட்டுப் பெட்டி என்று இரண்டு பேரும் முறைப்படி எல்லாம் எடுத்து ஆளுக்கொரு ரிவோல்வர் வாங்கிவிட்டோம்.

வீடுகளில் நடந்த சண்டையை மறந்திருக்க மாட்டாய். என் மனைவி வசந்தி உன் முகத்துக்கு நேரே கேட்டாள்: "உதுக்குத்தானே நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள்?" நீ கோபிக்கவில்லை. "தங்கச்சி, அங்கை வெடி எங்கையிருந்து வருமெண்டு தெரியாது. இஞ்சை நான் அமத்தினால்தான் வெடிக்கும். அமத்தாட்டி வெடிக்காது. எனக்கு அது காணும்" என்றாய். கோயிலில் ஒருவர், நீ முந்தி இயக்கத்தில் இருந்தவனோ என்று என்னிடம் காதுக்குள் விசாரித்தார். அதைச் சொன்னபோது, "தபால் கந்தோரில முத்திரை குத்தினவன் எண்டு சொல்லு. மனுசன் ஏமாந்து போகட்டும்" என்றாய்.

கடையில் வாங்கும் தோட்டா உனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றைப்போல் ஒன்று இருக்கவேண்டும் என்று நின்றாய். அதற்காகத்தான் உன் கராஜில் அந்தப் பழைய கைப்பிடி பிரஸ்ஸைக் கொண்டுவந்து பூட்டினாய். சுட்ட கோது கொஞ்சம் வீங்கியிருக்கும். அதை உருக்கு அச்சுக்குள் அமத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால்தான் திரும்பப் பாவிக்கலாம். பித்தளை உருக்கோடு உரசினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முதல் கிழமையே ஒன்று அப்படிச் சிக்கி, அதைத் துளைத்து எடுக்க எங்களுக்கு ஒரு பகல் போனது. அன்று பிடித்ததுதான் உனக்கு இந்த எண்ணெய்ப் பைத்தியம்.

எல்லோரும் ஒரு பைக்குள் கோதைப் போட்டு, மேலே எண்ணெய் விசிறி, குலுக்கி எடுப்பார்கள். இரண்டு நிமிட வேலை. நீயோ லனோலினைப் பட்டாணியளவு எடுத்து விரல்களில் தேய்த்து, ஒவ்வொரு கோதாக, வாய் கீழே பார்க்கும்படி பிடித்து உருட்டுவாய். "வெளியில மட்டும் மச்சான். உள்ளுக்கு ஒரு பொட்டும் போகப்படாது. வெடிமருந்துக்கு எண்ணெய் ஆகாது." முந்நூறு கோது இருந்தால் முந்நூறு முறை உருட்டுவாய். நான் பொறுமையில்லாமல் காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். அமத்தி முடித்ததும் அந்த எண்ணெயைத் துடைக்கவேண்டும். அதற்கும் உன்னிடம் ஒரு முறை இருந்தது. நீ இடுப்பில் கட்டி நைந்த, மூட்டுப் பிரித்த பழைய நீலச் சாரத்தில் எல்லாக் கோதையும் கொட்டி, நீ ஒரு தலைப்பு, நான் ஒரு தலைப்பாகப் பிடித்துக்கொண்டு ஆட்டுவோம். கோதுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கலகலவென்று ஓடும். "பிள்ளைக்கு ஏணை ஆட்டுறம்" என்பாய். கராஜ் கதவு திறந்து கிடந்தால் முன்வீட்டுச் சீனக் கிழவர் தெருவில் நின்று, வளர்ந்த இரண்டு ஆம்பிளைகள் என்ன செய்கிறார்கள் என்று விளங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

சரியாக ஐந்து நிமிடம். ஒரு நிமிடம் குறைந்தாலும் விடமாட்டாய். பிறகு ஒவ்வொன்றின் உள்ளேயும் சின்ன வெளிச்சம் அடித்துப் பார்ப்பாய்.

இதைப் பார்த்துப் பார்த்து ஆற்றாமல்தான் உன் பிறந்தநாளுக்குக் கார்பைட் அச்சு வாங்கித் தந்தேன். அது வழுக்கிக்கொண்டு போகும். கைத்துப்பாக்கிக் கோதுக்கு எண்ணெயே தேவைப்படாது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல சாமான் மச்சான்" என்று சொல்லி மேல்தட்டில் வைத்தாய். அது அங்கேயே இருந்தது. கேட்டால், "உள்ளது வேலை செய்யுதுதானே" என்பாய். அந்தப் பெட்டியை நீ ஒருநாள் திறந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நான் பிழை விட்ட அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். உனக்குச் சிறுநீரகம் பழுதாகி, செவ்வாய், வியாழன், சனி என்று டயலிசிஸ் தொடங்கியிருந்த காலம். இரண்டு கிழமையில் கிளப் போட்டி. நீ களைத்துப்போயிருந்தாய், கோதுகளை நான் தயார் செய்துவைக்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். சுமதி கராஜைத் திறந்து விட்டுவிட்டு உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று மத்தியானம் மார்க்கத்தில் ஒரு மண்டபத்தில் வசந்தியின் சொந்தக்காரப் பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. நான் பட்டு வேட்டியும் சால்வையுமாக உன் கராஜில் நின்றேன். வசந்தி ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அழைத்தாள்: "எங்கை நிக்கிறியள்? மாமி கேக்கிறா. தட்டுத் தூக்க ஆள் காணாது."

வேட்டியில் எண்ணெய் படும் என்று லனோலினைத் தொடவே இல்லை. நான் ஒளித்துக் கொண்டுவந்திருந்த விசிறும் டப்பாவை எடுத்தேன். கோதுகளைப் பையில் போட்டு, தாராளமாக விசிறி, குலுக்கினேன். காயவிடாமலே அமத்தத் தொடங்கினேன். முடிந்தபோது சாரம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஆட்ட இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளாக ஒவ்வொன்றாய்த் துடைக்க எனக்கு நேரமில்லை. அப்படியே உன் பெட்டியில் கொட்டி மூடிவிட்டு ஓடினேன்.

மண்டபத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தபோது நீ அழைத்தாய். குரல் சோர்ந்திருந்தது. "துடைச்சனியோ?" என்று கேட்டாய். "ஓம், ஓம்" என்றேன். கையில் பலகாரத் தட்டு. அவ்வளவுதான் மச்சான். அந்த இரண்டு ஓமையும் நான் யோசித்துச் சொல்லவில்லை. போனை வைக்கவேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

ஒவ்வொரு கோதுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்க்கிற நீ, அந்த முறை பார்க்கவில்லை. நான் ஓம் என்று சொன்னது உனக்குப் போதுமாக இருந்தது. அடுத்த நாள் நீயே மருந்து அளந்து போட்டாய், நீயே குண்டை வைத்து அமத்தினாய்.

போட்டியன்று நான் உனக்குப் பின்னால், மஞ்சள் கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றேன். ஐந்து வெடி ஒரே சீராகப் போனது. துப்பாக்கியை நிரப்பித் திரும்பத் தொடங்கினாய். இரண்டாவதோ மூன்றாவதோ, வெடிச் சத்தத்துக்குப் பதிலாக 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். போத்தல் மூடி கழன்றதுபோல. எண்ணெயில் ஊறிய மருந்து சரியாகப் பற்றாமல், குண்டு துப்பாக்கிக் குழாயின் நடுவில் போய் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டிருந்தால் உன் கையிலேயே குழாய் வெடித்திருக்கும். உன் விரல் பாதி அமத்திய நிலையில் இருந்தது. அந்த விரலை நான் பார்த்தேன். போட்டி நடத்துநர் "ஸ்டொப்!" என்று கத்துவதற்கு முன்பே நீ நிறுத்திவிட்டாய்.

அவர்கள் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். நீ தலை குனியாமல், "ஐ ஃபொகொட் த பௌடர். மை மிஸ்டேக்" என்றாய். மருந்து போட மறந்துவிட்டதாக எல்லோருக்கும் முன்னால் சொன்னாய். நீ! ஒரு கோதை முந்நூறு முறை பார்க்கிறவன்! எனக்கு உடனே தெரியும் அது மறதி இல்லை என்று. வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. இனிமேல் வீட்டில் செய்த தோட்டாவோடு வரவேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது 401 நெடுஞ்சாலை வழக்கம்போல் நெரிந்து கிடந்தது. நான் ஓட்டினேன். நீ உன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாய். "மச்சான், எனக்கு இப்ப கை பதறுது. மறதியும் வருது போல. இனி உது வேண்டாம்" என்றாய். நாங்கள் இறங்குகிற ஸ்காபரோ வழி வருவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஒரு வசனம் சொல்ல அரைமணி நேரம் தாராளம். நான் சொன்னது, "சரி, விடு. வயசு போகுதுதானே." ஆறுதல் சொன்னதுபோல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வசனங்களுக்குள் மிகக் கேவலமானது அதுதான்.

அதற்குப் பிறகு நீ சுடுகிற ரேஞ்சுக்கு வரவில்லை. நான் உன்னைப் பார்க்க வந்துகொண்டிருந்தேன், முதலில் வீட்டுக்கு, பிறகு ஆஸ்பத்திரிக்கு. குழாய்கள் ஓடுகிற கையை நீட்டியபடி நீ படுத்திருப்பாய். நான் பனி கொட்டியதைச் சொல்வேன், தொழிற்சாலையில் ஆட்குறைப்பைச் சொல்வேன், பிக்கரிங்கில் யாரோ வீடு வாங்கியதைச் சொல்வேன். எல்லாம் முடிந்ததும் நீ என்னைப் பார்த்து, "வேற?" என்பாய். நான் ரொறன்ரோ ஹொக்கி அணி தோற்றதைச் சொல்வேன். "வேற?" என்பாய். என்னடா இவனுக்கு ஊர்ப் புதினம் போதாதாக்கும் என்று நினைத்து, அடுத்த முறைக்குக் கதைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். கடைசிக் கிழமையும் கேட்டாய். ஒட்சிசன் குழாயை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு கேட்டாய். "வேற ஒண்டும் இல்லை மச்சான், நீ படு" என்றேன்.

மாசி மாதம் உன்னை எரித்தோம். சித்திரையில் சுமதி அழைத்தாள். உன் ரிவோல்வரை எனக்குத் தருவதற்குச் சட்டம் இப்போது இடம் கொடுக்காது. கைத்துப்பாக்கியை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது என்று எங்கே கேட்டாலும் ஒரே பதில். அவள் தனியாகப் படிவங்களை நிரப்பி அதைப் பொலிசிடம் ஒப்படைத்துவிட்டாள். குழாயில் சிக்கிய குண்டை நீ எடுத்துத் துடைத்து வைத்திருந்தாயாம். வாங்கிக்கொண்டு போனவர், இவ்வளவு சுத்தமாக ஒன்றை நான் கண்டதில்லை என்றாராம். அது இனி உருகித்தான் போகும். அதை நினைத்தாலும் எரிச்சல்தான். "மற்றச் சாமானுகளை நீங்கள் வந்து எடுங்கோ அண்ணை. எனக்கு அந்த மணம் தாங்கேலாமல் கிடக்கு" என்றாள்.

வந்தேன். பிரஸ்ஸைக் கழற்றினேன். மேல்தட்டில் நான் தந்த கார்பைட் அச்சு, ஒட்டிய தாள்கூடக் கழலாமல். அதற்குப் பின்னால் ஒரு ஸிப் பை. உள்ளே போட்டியில் சுடாமல் மிஞ்சிய தோட்டாக்கள், எல்லாம் பிரித்து, கோது தனியாக, குண்டு தனியாக. நீ எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுகிறவன் ஆயிற்றே, இதிலும் ஒட்டியிருந்தாய். உன் தபால் கந்தோர் எழுத்து: "உள்ளுக்கு எண்ணெய். மருந்து ஒட்டியிருக்கு. சாரம் ஆட்டேல்லை."

ஒன்றை எடுத்து உன் சின்ன வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மருந்து சுவரோடு காய்ந்து ஒட்டிக் கிடந்தது.

சுமதி தேத்தண்ணியோடு வந்து நின்றாள். பையைக் காட்டி, இது எப்போது பிரித்தது என்று கேட்டேன். "அந்தக் கிழமையே அண்ணை. இருந்து ஒவ்வொண்டா உடைச்சுப் பார்த்தவர். பிறகு வந்து, 'சுமதி, என்ர கை பிழைக்கேல்லை' எண்டு சிரிச்சவர். அவ்வளவு சந்தோசம்." அவள் கோப்பையை என் கையில் தந்தாள். "உங்களுக்கு ஒரு போன் அடிச்சுச் சொல்லுங்கோவன் எண்டனான். 'வேண்டாம். அவன் தானாச் சொல்லுவான். பொறு' எண்டவர்."

தேத்தண்ணி ஆறும்வரை கையில் வைத்திருந்தேன்.

உனக்கு என்னடா அவ்வளவு பொறுமை? நல்ல தூசணத்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று தந்திருக்கலாம். நான் அழுது தீர்த்திருப்பேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாரத்தைப் பிடித்திருப்போம். ஒன்றரை வருடம், கிழமைக்கு இரண்டு முறை, படுக்கையில் கிடந்துகொண்டு "வேற? வேற?" என்று கதவைத் திறந்து திறந்து காட்டினாய். நான் ஹொக்கி சொன்னேன். நீ அதையும் கேட்டுக்கொண்டு கிடந்தாய். பெரிய மனுசத்தனம் காட்டிவிட்டுப் போய்விட்டாய், மச்சான். மிச்சத்தைச் சுமக்கிறவன் நான். உன்மேல் கோபப்படுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

பிரஸ் இப்போது என் பேஸ்மென்டில் இருக்கிறது. மகளுக்கென்று வாங்கித் திறந்த குழாயை நேற்று அங்கே கொண்டுபோனேன். பட்டாணியளவு எடுத்து, ஒவ்வொரு கோதாக, வாய் கீழே பார்க்க உருட்டினேன். உன் பழைய அச்சில்தான் அமத்தினேன். கார்பைட் பெட்டியைத் திறக்க எனக்கும் மனம் வரவில்லை. பிறகு சாரத்தில் கொட்டினேன். மற்றத் தலைப்பைப் பிடிக்க ஆளில்லை. வசந்தியைக் கூப்பிடலாம், ஏன் என்று கேட்டால் முழுவதையும் சொல்லவேண்டும். கதவுக் கைப்பிடியில் கட்டி ஆட்டிப் பார்த்தேன். கதவு திரும்ப இழுக்காது. கோதெல்லாம் என் பக்கமே வந்து குவிந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். நூற்றுச் சொச்சம் கோது. பின்னேரம் முழுவதும் பிடித்தது. அன்று எனக்கு இல்லாமல் போன நேரம் அவ்வளவுதான்.

துடைத்து முடித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, நீ கட்டிலில் இருந்தபடி "வேற?" என்று கேட்பாயே, அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

அண்டைக்கு நான் துடைக்கேல்லை, மச்சான். உனக்கு ஓம் எண்டு பொய் சொன்னனான்.

வேற ஒண்டும் இல்லை.